ஏர்லாக், ப்ளீடிங்: காற்றுப்பிடிப்பு, காற்றெடுப்பு

ஐயா, வணக்கம்.

டீசல் லைனில் காற்று சிக்கி எஞ்சின் நின்றுபோவதுதான் ஏர்லாக். அதற்குத் தமிழ்ச் சொல்லாகத் தாங்கள் சொன்ன ‘காற்றடைப்பு’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டீசல் எஞ்சின் கையேட்டில் அது குழப்பும். ஸ்டார்ட் ஆகி உடனே நின்றுபோகும் வண்டியில் முதலில் சந்தேகப்படுவது இரண்டை: பில்டர் அடைத்திருக்கும், இல்லையென்றால் டீசல் லைனில் காற்று புகுந்திருக்கும். முன்னதை எல்லாருமே ‘அடைப்பு’ என்கிறோம். பின்னதற்கும் அதே சொல் என்றால், படிப்பவர் நல்ல பில்டரைக் கழற்றி எறிவார்.

சேலத்துப் பட்டறைகளில் ‘ஏர் பிடிச்சிருக்கு’ என்பார்கள். அதையொட்டி ‘காற்றுப்பிடிப்பு’ என்கிறேன். வாயுப்பிடிப்பு தெரிந்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். டீசல் அழுத்தத்துக்குச் சுருங்குவது மிகக் குறைவு, காற்றோ நன்றாகச் சுருங்கிவிடும். பம்ப் தள்ளுவதெல்லாம் காற்றைச் சுருக்குவதிலேயே போய்விட, எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் திறக்காது. பில்டரிலும் பம்பிலும் மிச்சமிருக்கும் டீசல் தீரும்வரைதான் எஞ்சின் ஓடும்.

‘கசிவு’ என்பதிலும் கவனம் வேண்டும். டேங்குக்கும் அதிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவே உள்ளது உறிஞ்சும் பக்கம். எஞ்சின் ஓடும்போது அங்கே வாஷர் தேய்ந்தோ ஹோஸ் வெடித்தோ இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். ‘கசிவைப் பார்க்கவும்’ என்று எழுதினால் ஈரத்தைத் தேடிவிட்டு எழுந்துவிடுவார்கள். அந்த இடத்தில் ‘காற்றுப்புகல்’ என்றே போடலாம். ஏற்காடு போகும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டையே இல்லாமலும் இது நடக்கும். டேங்கில் டீசல் குறைவாக இருந்தால் சரிவில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், குழாய் வெறும் காற்றை இழுக்கும்.

அப்புறம் ப்ளீடிங், அதாவது புகுந்த காற்றை வெளியேற்றுவது. ‘குருதி வடிப்பு’ வேண்டவே வேண்டாம், எஞ்சினுக்கு என்ன அறுவை சிகிச்சையா செய்கிறோம்? ‘ஏர் எடு’ என்பதே பட்டறை வழக்கு, ஆகவே ‘காற்றெடுப்பு’. எழுதிப் பார்த்தேன்: “பில்டர் தலையிலுள்ள காற்றெடுப்புத் திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடிக்கவும். முதலில் நுரை வரும். குமிழி நின்று டீசல் கம்பியாக வந்ததும், அடித்துக்கொண்டே திருகை இறுக்கவும்.” தடங்கல் இல்லாமல் படிக்க முடிகிறது. பழைய வகை எஞ்சின்களில் அடுத்து இன்ஜெக்டர் குழாய் நட்டையும் தளர்த்திக் காற்றெடுப்பார்கள். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் எஞ்சினில் அப்படித் தொடக்கூடாது, ஆயிரம் பாருக்கு (bar) மேல் அழுத்தம் இருக்கும். கையேட்டில் இந்த எச்சரிக்கையையும் சேர்க்க வேண்டும்.

டீசலைக் கையால் ஏற்றும் சிறு பம்புக்கு நான் போட்ட ‘கைப்பம்பு’தான் எனக்கு நிறைவாக இல்லை. தெருவில் தண்ணீர் அடிப்பதும் அதுதானே. வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.