நரகம்னு சொல்றோமே, பழைய தமிழ்ல இதுக்கு என்ன சொல்?

கேள்வி:
பாட்டி மூட்டுவலி வந்தா "நரக வேதனைடா"ன்னு சொல்வாங்க, நாமளும் மே மாச வெயில்ல கூட்டமான பஸ்ல நின்னா நரகம்டான்னுதான் சொல்றோம். இது வடமொழிச் சொல்தானே, குறள்ல எப்படி வருது? நரக சதுர்த்தசிக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

பதில்:
குறள்லயே விதவிதமா வருதுங்க. 121ல அடங்காமை 'ஆரிருள்'ல தள்ளிடும், 168ல பொறாமை 'தீயுழி'க்கு கொண்டுபோகும், 255லயும் 835லயும் 'அளறு'. அளறுன்னா சேறு, 835ல பேதை அதுக்குள்ள போய் அழுந்துறான்னே இருக்கு. நெருப்பு மட்டும் இல்லாம இருட்டு, சேறுன்னு யோசிச்சிருக்காங்க பாருங்க, எனக்கு அது ரொம்ப பிடிச்ச விஷயம்.

பதில்:
'நிரயம்' விட்டுட்டீங்களே. குறுந்தொகை 292, பரணர் பாட்டு. ராத்திரி தூங்காம தலைவியைக் காவல் காக்குற அவ அம்மா, ஒரு பொண்ணைக் கொன்ன நன்னன்ங்கிற ராஜா மாதிரி நிரயத்துக்குப் போகட்டும்னு தோழி சபிக்கிறா. நாசமாப் போன்னு இப்ப திட்டுறோம்ல, அதே கோபம், படிச்சா அப்படியே காதுல கேக்கும்.

பதில்:
சதுர்த்தசி வேற, அது நரகாசுரன் பேர்ல வந்தது. நம்ம ஊர்ல விடியக்காலைல எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிற தீபாவளியே அன்னைக்குத்தான்.