ஃபார்மட் பண்ணாமல் கம்ப்யூட்டரைச் சரிசெய்ய வழி உண்டா?

யாங்கோன் உறவுகளுக்கு வணக்கம். வீட்டு டெஸ்க்டாப் விண்டோஸுக்குள் போக மறுக்கிறது. ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது; வந்தபின் போட்டால் நீலத்திரை, 'இன்னாக்செஸிபிள் பூட் டிவைஸ்'. விண்டோஸே தன்னைச் சரிசெய்து பார்க்கும் ஸ்டார்ட்அப் ரிப்பேரும் கைவிரித்துவிட்டது. கடைக்காரர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, "ஃபார்மட் பண்ணிடலாம்" என்கிறார். கையைக் காட்டினால் தலையையே வெட்டுகிற வைத்தியம்!

அதில் அப்பா ஸ்கேன் செய்து வைத்த தாத்தா காலத்துப் பத்திரங்கள், கோயில் தீமிதிப் படங்கள், தங்கை ஞாயிறு வகுப்புக்குத் தட்டிய தமிழ்ப் பாடங்கள் எல்லாம் இருக்கின்றன. வேறு பிரதி கிடையாது.

விண்டோஸுக்கு முன்பே வரும் பயாஸ் அமைப்புத் திரையில் 500 ஜிபி டிஸ்க் சரியாகவே தெரிகிறது. டக் டக் சத்தமும் இல்லை. அதனால் உயிர் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

விண்டோஸின் டிஸ்க் சரிபார்க்கும் கருவியான செக்டிஸ்க் டிஸ்கிலேயே திருத்தி எழுதும், பழுதான டிஸ்கில் அது ஆபத்து. ஆகவே முதலில் பென் டிரைவிலிருந்து உபுண்டுவை (விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம்), இன்ஸ்டால் செய்யாமல் 'ட்ரை'யில் மட்டும் ஓட்டி, எல்லாவற்றையும் வெளி டிஸ்குக்கு நகலெடுக்க எண்ணம். நடுவில் கரண்ட் போனால்? பழுதான டிஸ்கை நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ மென்பொருளில், எதுவரை நகலெடுத்தது என்று குறித்துவைக்கும் மேப் ஃபைல் வைத்துக்கொண்டால் விட்ட இடத்திலிருந்து தொடருமாம். ஆனால் அந்த மேப் ஃபைலை உபுண்டு பென் டிரைவில் வைத்தால் ரீஸ்டார்ட்டில் போய்விடாதா, வெளி டிஸ்கில்தான் வைக்கணுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

உபுண்டு ஃபைலோ பல ஜிபி, இங்குள்ள நெட்டில் இறக்கி முடிவதற்குள் விடிந்துவிடும். நகருக்குள் யாரிடமாவது தயாராகப் பென் டிரைவ் இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.