புதுப்பிப்பு: சாவியை எடுத்தால் எல்லாம் மறந்துபோன ஸ்டீரியோ

என் பழைய ஸ்விஃப்டில் 9 அங்குல ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ மாட்டியதிலிருந்து, வண்டியை அணைத்தாலே நேரமும் எஃப்எம் நிலையங்களும் அழிந்துபோகின்றன என்று போன வாரம் எழுதியிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது! திரையை வெளியே இழுத்துப் பார்த்தால், பின்னால் மஞ்சள் வயரும் சிவப்பு வயரும் இடம் மாறி இருந்தன. மஞ்சளுக்குப் பேட்டரியிலிருந்து எப்போதும் 12 வோல்ட் வர வேண்டும். நினைவில் வைப்பதே அதனால்தான். சிவப்புக்குச் சாவியைத் திருப்பும்போது மட்டும் வந்தால் போதும். மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. வயரை மாற்றி, டேப் சுற்றியாயிற்று.

அப்புறம், ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் எழுந்த அந்த ஊளைச் சத்தம்: வண்டியின் பாடியில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு ஸ்டீரியோவின் எர்த் வயரை வெறும் இரும்பில் முடுக்கினேன், அடங்கிவிட்டது. நேற்று இரவு ஷெட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பாட்டு கேட்டேன். இனி ரிவர்ஸ் கேமரா மட்டும்தான் பாக்கி.