கரி கிரில்லில் உடையும் பீட்ரூட் பர்கர் பட்டி

பீட்ரூட், கறுப்பு பீன்ஸ் பட்டி தோசைக்கல்லில் ஜம்மென்று நிற்கிறது. கரி கிரில்லில் திருப்பினால் பாதி கம்பியோடு ஒட்டி, மீதி தணலில் விழுகிறது. நியூ ஜெர்சி, 22 அங்குல கெட்டில் கிரில், மூன்று வாரமாக இதே கதை.

6 பட்டிக்கு அளவு: வெந்த பீன்ஸ் 250 கிராம், துருவிய பீட்ரூட் 200, வதக்கிய காளான் 100, ஓட்ஸ் 60. முட்டை கிடையாது.

பீட்ரூட்டை உப்புப் போட்டுப் பிழிந்தாயிற்று. பீன்ஸை 160 டிகிரி செல்சியஸ் அவனில் 15 நிமிடம் உலர்த்தியதில் விரிசல் குறைந்தது, அவ்வளவுதான். ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம், கம்பிக்கு எண்ணெய், எல்லாம் செய்தாயிற்று. ஓட்ஸை 90 ஆக்கினால் உடைவதில்லை. ஆனால் அது அடை, பர்கர் இல்லை. ஆளிவிதைப் பசையும் போட்டேன், சூட்டில் முட்டை மாதிரி இறுகவில்லை.

இந்த 610 கிராம் கலவைக்கு மெத்தில்செல்லுலோஸ் (சூட்டில் இறுகும் பிணைப்புப் பொடி) எத்தனை கிராம், எந்தக் கட்டத்தில் சேர்க்க வேண்டும்?