ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த மருமகள்: காலாவதியான சிவப்பு பாஸ்போர்ட்டை வைத்து என்ன செய்யலாம்?

கோபி டீச்சரம்மா கேட்டது:

எல்லோருக்கும் வணக்கமுங்க. கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமம் எங்களது. அரசுப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கேள்வி என் மருமகளைப் பற்றியது.

மகன் ஒஹையோவில் வேலையில் இருக்கிறான், இந்தியப் பாஸ்போர்ட்தான். அவன் கட்டிக்கொண்ட பெண் அமெரிக்காவில் வளர்ந்தவள், ஆனால் பிறந்தது ரஷ்யாவில், பெர்ம் என்ற நகரத்தில். 2001-இல், இரண்டரை வயதில், அங்கே ஒரு குழந்தைகள் இல்லத்திலிருந்து அமெரிக்கத் தம்பதி தத்தெடுத்துக் கூட்டி வந்தார்கள். வளர்த்த அப்பா காலமாகிவிட்டார். அம்மா இருக்கிறார், தங்கமான மனுஷி. கல்யாணத்துக்கு வந்து எங்கள் வீட்டிலேயே தங்கி, கல்யாணச் சடங்குகளை நடத்தும் அருமைக்காரர் செய்த ஒவ்வொரு சீருக்கும் பக்கத்திலேயே நின்றார்.

நம்ம பக்கம் கல்யாணத்தில் என்ன கேட்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். "பொண்ணுக்கு எந்த ஊரு, எந்தக் கூட்டம் (குலம்)?" பந்தியில் எத்தனையோ பேர் கேட்டார்கள். அன்றைக்கு அவள் சிரித்தபடி தெரியாது என்று சொல்லிவிட்டாள். இந்தத் தை மாதம் வந்தபோது குலதெய்வம் கோயிலில் பொங்கல் வைத்தோம். என் வீட்டுக்காரர் அப்பாரு, அவருடைய அப்பாரு என்று தலைமுறை தலைமுறையாகப் பேர் சொல்வதை உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். ராத்திரி ஒரு பழைய கவரைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். உள்ளே சின்னக் குழந்தைப் படம் ஒட்டிய சிவப்பு ரஷ்ய பாஸ்போர்ட். 2006-லேயே காலாவதி. கூடவே ரஷ்ய மொழியில் நாலைந்து பக்கக் கோர்ட் தாள், அதில் ஒரு பக்கத்துக்கு மட்டும் ஆங்கிலம்.

அவள் இன்னும் ரஷ்யக் குடிமகளா? அப்படியென்றால் அமெரிக்கக் குடியுரிமைக்கோ, நாளைக்கு நாங்கள் வாங்க நினைக்கும் ஓசிஐ (வெளிநாட்டுக் குடிமக்கள் இந்தியாவுக்கு விசா இல்லாமல் வந்துபோக உதவும்) அட்டைக்கோ தொந்தரவு வருமா? பெற்றவளைத் தேடுவதென்றால் எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும்? நாங்கள் இங்கிருந்து செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

சின்ன வயதில் நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தில் வாங்கிய ராதுகா, முன்னேற்றப் பதிப்பகப் புத்தகங்களைப் படித்து வளர்ந்தவள் நான். அந்த நாட்டுப் பிள்ளை ஒருத்தி என் வீட்டுக்கே வந்திருக்கிறாள். அவளுக்கு யாருமில்லை என்று ஊரில் ஒருத்தரும் சொல்லக்கூடாது என்பதுதான் என் எண்ணம்.

அந்தியூர் வாசகன்:

டீச்சர், சென்னையில் சாந்தோம் நெடுஞ்சாலையில் ரஷ்யத் துணைத் தூதரகம் இருக்கிறது. பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு நேராகப் போய்ப் புதுப்பித்துவிடுங்கள். அப்புறம் டிக்கெட் போட்டு பெர்முக்கே போய்ப் பார்த்துவிடலாமே.

சிங்காநல்லூர் டாக்டர்:

அம்மா, வணக்கம். நான் வோல்கோகிராடில் மருத்துவம் படித்தவன், ரஷ்ய மொழி பேசவும் படிக்கவும் வரும். அந்தியூர் அண்ணன் அக்கறையோடுதான் சொல்கிறார், ஆனால் இப்போதைக்கு அதை மட்டும் செய்யாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

பாஸ்போர்ட் காலாவதியானால் குடியுரிமை காலாவதியாகாது. ரஷ்யக் குழந்தையை வெளிநாட்டவர் தத்தெடுத்தாலும் குழந்தையின் ரஷ்யக் குடியுரிமை அப்படியே நிற்கும் என்பதுதான் 2002-ஆம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டம். 2023 அக்டோபரில் புதுச் சட்டம் வந்துவிட்டது, ஆனாலும் முன்பே குடிமகளாக இருந்தவர் அதனால் குடியுரிமையை இழக்கவில்லை. வளர்த்தவர்கள் தனியாக மனுப் போட்டு நீக்கியிருந்தால்தான் கதை வேறு. அதை அவள் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நீக்கவில்லை என்றால் ரஷ்யாவின் கணக்கில் அவள் இன்றைக்கும் ரஷ்யக் குடிமகள்.

சிக்கலும் அங்கேதான். குடிமகளுக்கு அவர்கள் விசா தரமாட்டார்கள், ரஷ்ய பாஸ்போர்ட்டில்தான் உள்ளே போக வேண்டும், வெளியே வரவும் அதுதான் வேண்டும். உள்ளே போனபின் அமெரிக்கக் குடியுரிமையை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை, அமெரிக்கத் தூதரகம் வந்து பார்க்க அனுமதி கிடைப்பதும் உறுதியில்லை. அமெரிக்க அரசே தன் மக்களை ரஷ்யாவுக்குப் போக வேண்டாம் என்று மிக உயர்ந்த எச்சரிக்கையில் வைத்திருக்கிறது. இரண்டு குடியுரிமையும் உள்ள ஒரு பெண், பிறந்த வீட்டுக்கு வந்தவர், உக்ரைனுக்கு உதவும் அமைப்புக்கு 51 டாலர் கொடுத்ததற்காக யெகாதெரின்பூர்கில் பிடிபட்டு 2024-இல் 12 வருஷத் தண்டனை பெற்றார். அடுத்த வருஷம் கைதிப் பரிமாற்றத்தில்தான் விடுதலை. பெர்மிலிருந்து அந்த ஊர் ஒரு ராத்திரி ரயில் பயணம்தான். இதே நிலையில் ஆண் பிள்ளை இருக்கும் வீட்டார் யாராவது படித்தால் இன்னொன்று: கட்டாய ராணுவச் சேவை வயது 2024 முதல் 18-இலிருந்து 30 வரை.

ஆனால் தேடுவதற்குப் போயே ஆக வேண்டும் என்றில்லை. அந்தக் கோர்ட் தாளில்தான் பாதி விஷயம் இருக்கும். வெளிநாட்டுத் தத்து வழக்கை அங்கே மாகாண அளவிலான நீதிமன்றம் விசாரிக்கும். பிறந்தபோது வைத்த பேர், தாயின் பேர், தாய் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாரா அல்லது உரிமை பறிக்கப்பட்டதா, இதெல்லாம் தீர்ப்பில் வரும். உடன்பிறந்தவர்கள் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று குறிப்பாகப் பாருங்கள். தகப்பன் பேர் இருந்தால் உடனே நம்பிவிட வேண்டாம். கல்யாணமாகாத தாய் என்றால் அவர் சொல்லும் ஏதோ ஒரு பேரைப் பதிவுசெய்ய அந்த நாட்டுக் குடும்பச் சட்டமே வழி வைத்திருக்கிறது. தாளில் "பெர்ம் ஓப்லஸ்து", அதாவது பெர்ம் மாகாணம், என்று இருக்கும். 2005 டிசம்பரில் பக்கத்து மாவட்டத்தோடு சேர்த்து அதை "பெர்ம் கிராய்" ஆக்கிவிட்டார்கள், இன்றைக்கு எழுதும் கடிதங்களில் புதுப் பேர்தான் போட வேண்டும்.

இப்போது முக்கியமான ஒன்று. ரஷ்யாவில் தத்து என்பது சட்டப்படி ரகசியம். பிறப்பு, இறப்பு, திருமணம் பதியும் அலுவலகத்துக்கு ஸாக்ஸ் என்று பேர். தத்தெடுத்தவரின் சம்மதம் இல்லாமல் அவர்கள் தத்து பற்றிய எந்தத் தகவலும் தரக்கூடாது என்று 1997-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. ஆகவே வளர்த்த அம்மா நல்ல உடல்நலத்தோடு இருக்கும்போதே ஒரு சம்மதக் கடிதம் எழுதி, நோட்டரி வைத்து, அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லும்படி அரசு போடும் சான்று முத்திரை) வாங்கி, ரஷ்ய மொழிபெயர்ப்போடு பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். தேடலை எப்போது ஆரம்பித்தாலும் சரி, இந்தக் கடிதம் இன்றைக்கே வேண்டும்.

அவள் பிறந்த சமயத்தையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் அம்மா. 1998 ஆகஸ்டில் ரூபிள் சரிந்தது. மாதக்கணக்கில் சம்பளம் வராத தொழிற்சாலைகள், மூடிய வங்கிகள். பெற்றவள் எந்த நிலையில் கையெழுத்துப் போட்டாளோ நமக்குத் தெரியாது. தாள்களை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்பினால் தமிழில் வரி வரியாகச் சொல்லித் தருகிறேன். காசெல்லாம் வேண்டாம்.

நியூஜெர்சி திருப்பூர்க்காரி:

டாக்டர் அண்ணா ரஷ்யப் பக்கத்தைச் சொல்லிவிட்டார். நான் இங்கே குடியேற்ற வக்கீல் அலுவலகத்தில் வேலை செய்கிறேன், அமெரிக்கப் பக்கத்தைச் சொல்கிறேன் அக்கா.

குழந்தைக் குடியுரிமைச் சட்டம் 2001 பிப்ரவரி 27 முதல் நடைமுறை. அதற்குப் பிறகு ஐஆர்-3 விசாவில், அதாவது வெளிநாட்டிலேயே தத்து முழுமையாக முடிந்து, வந்த குழந்தை, விமான நிலையத்தில் உள்ளே வந்த அன்றே அமெரிக்கக் குடிமகள். ஐஆர்-4 என்றால் இங்கே மறுபடி தத்துப் பதிவு முடிந்திருக்க வேண்டும். எந்த விசா என்று அந்தச் சிவப்பு பாஸ்போர்ட்டிலேயே குறித்திருக்கலாம், பாருங்கள். 2004-க்கு முன் வந்தவர்களுக்குக் குடியுரிமைச் சான்றிதழ் தானாக வரவில்லை. அவளிடம் அமெரிக்க பாஸ்போர்ட் மட்டும் இருந்தால், என்-600 படிவம் போட்டுச் சான்றிதழையும் வாங்கி வைக்கச் சொல்லுங்கள், அதற்குக் காலாவதி கிடையாது. பிறப்பால் வந்த ரஷ்யக் குடியுரிமையால் அமெரிக்கக் குடியுரிமைக்கு எந்தப் பங்கமும் இல்லை.

கவரில் இல்லாத தாள்களுக்கும் வழி உண்டு. தத்துக்காகக் கொடுத்த ரஷ்ய ஆவணங்களின் நகல் குடியேற்றத் துறை ஒவ்வொருவருக்கும் வைத்திருக்கும் கோப்பான ஏ-ஃபைலில் இருக்கலாம். அமெரிக்கத் தகவல் உரிமைச் சட்டப்படி அவளே இணையத்தில் கேட்டு வாங்கலாம். எங்கள் அலுவலகத்துக்கு வரும் தத்துப் பிள்ளைகளுக்கு நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான்.

ஓசிஐ: இந்தியக் குடிமகனின் மனைவி என்ற வகையில், திருமணம் பதிவாகி இரண்டு வருஷம் தொடர்ந்து நிலைத்திருந்தால் விண்ணப்பிக்கலாம். ரஷ்ய பாஸ்போர்ட் விஷயத்துக்குச் சென்னைத் தூதரகம் உங்களுக்கு வேண்டாம், அவள் வசிப்பது இங்கே. சான்பிரான்சிஸ்கோ, சியாட்டில் ரஷ்ய அலுவலகங்கள் மூடிவிட்டன, வாஷிங்டன், நியூயார்க், ஹூஸ்டன் மூன்றுதான் மிச்சம். அங்கே போவதற்கு முன் இரண்டு நாட்டுச் சட்டமும் தெரிந்த வக்கீல் ஒருவரைப் பார்க்கட்டும்.

சேலம் சமூகப் பணியாளர்:

நான் பார்ப்பது எதிர்த்திசையில். நம் ஊர்களிலிருந்து ஸ்வீடனுக்கும் டென்மார்க்குக்கும் நெதர்லாந்துக்கும் தத்துப் போன பிள்ளைகள் பெரியவர்களாகித் திரும்பி வந்து, பெற்றவளைத் தேடித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். அதனால் ஒன்றைக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன் டீச்சர்: சொந்தக்காரர்கள் யாரும் அவள் படத்தையோ பெற்றவளின் பேரையோ ஃபேஸ்புக்கிலும் ரஷ்யர்களின் சமூக வலைத்தளங்களான விகே, அத்னகிளாஸ்னிகியிலும் போட்டுவிட வேண்டாம். அங்கே ஒரு பெண் வேறு குடும்பம் நடத்திக்கொண்டிருக்கலாம், கணவனுக்கே தெரியாமல் இருக்கலாம். மொழி தெரிந்த நம்பகமான ஒருவர் மூலம், பெற்றவளுக்கு மட்டும் போகும்படி, தத்து என்ற சொல்லே இல்லாமல் சின்னக் கடிதம் போதும். அதுவும் மருமகள் கேட்டால் மட்டும்.

நம் நாட்டு விதியில் வேர் தேடலை, அதாவது தத்துப் போனவர் தன்னைப் பெற்றவர்களைத் தேடுவதை, மூன்றாம் மனிதர் நடத்த அனுமதி இல்லை, தத்துப் போனவரேதான் கேட்க வேண்டும். அது நியாயம். ரஷ்யா 2000-இல் நாடு விட்டு நாடு போகும் தத்துகளுக்கான ஹேக் தத்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதோடு சரி, உறுதிப்படுத்தவே இல்லை. 2013 முதல் அமெரிக்கர்கள் தத்தெடுக்கவும் தடை. ஆகவே அரசு வழியாக யாராவது தேடித் தருவார்கள் என்று காத்திருக்க முடியாது. அவள் எவ்வளவு தூரம் போகிறாளோ அவ்வளவு தூரம் நீங்களும் கூடப் போங்கள்.

கோபி டீச்சரம்மா:

எல்லோருக்கும் மனசார நன்றிங்க. இந்த இழையை மகன் அவளுக்குப் படித்துச் சொன்னான். பாஸ்போர்ட்டில் ஐஆர்-3 என்றுதான் இருக்கிறது. வளர்த்த அம்மாவிடம் அவளே போனில் பேசினாள். அவர் ஒரு நொடிகூட யோசிக்காமல் கடிதம் எழுதித் தருவதாகச் சொல்லிவிட்டார், இத்தனை வருஷமாக அவள் கேட்கட்டும் என்று காத்திருந்தாராம். குடியுரிமையை நீக்க எந்த மனுவும் போடவில்லையாம்.

தாயாருக்குக் கடிதம் எழுதுவதைப் பற்றி இப்போது முடிவு வேண்டாம் என்கிறாள். சரி கண்ணு, உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் தாள்களில் என்ன எழுதியிருக்கிறது என்று முழுக்கத் தெரிய வேண்டுமாம். ரஷ்ய எழுத்தை அவளே கற்றுக்கொண்டிருக்கிறாள், நானும் கூட உட்கார்ந்து எழுதிப் பழகுகிறேன். டாக்டர் தம்பி, கோர்ட் தாளை இன்றைக்குத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறாள். மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில் கையால் எழுதிய இரண்டு வரி மங்கலாக இருக்கிறது, வேறு வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லவா?

சிங்காநல்லூர் டாக்டர்:

கிடைத்தது அம்மா. ஆமாம், அந்தப் பக்கத்தை மட்டும் பகல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் போடாமல் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் மருமகளையும் வைத்துக்கொண்டு படிக்கலாம். முதலில் அவளிடம் சொல்லிவிட்டு அப்புறம் உங்களுக்குச் சொல்கிறேன்.