நாஸ் பாக்ஸ பழைய வெர்ஷனுக்கு மாத்தணும், உதவி பண்ணுங்க
வணக்கம் நண்பர்களே, வீட்டு நாஸ்க்கு (ஃபைல் எல்லாம் சேமிச்சு வைக்கிற நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டி) போன ஞாயித்துக்கிழமை அப்டேட் போட்டேன், அதுலேர்ந்து பெரிய ஃபைல் காப்பி பண்ணா பாதியில கனெக்ஷன் கட் ஆகுது, அப்பாவோட பழைய போட்டோ எல்லாம் அதுலதான் இருக்கு, பதறுது. பழைய பூட் என்விரான்மென்ட் (அப்டேட்டுக்கு முன்னாடி இருந்த ஓஎஸ்ஸோட காப்பி) லிஸ்ட்ல இருக்கு, அத ஆக்டிவேட் பண்ணி ரீபூட் பண்ணா ஓஎஸ் திரும்பிடும்னு தெரியும். பயமெல்லாம் பூல் (டிஸ்க்குங்கள சேர்த்து டேட்டா வைக்கிற இடம்) மேலதான். இசட்எஃப்எஸ்ல (அந்த பூல நடத்துற ஃபைல் சிஸ்டம்) பூல அப்கிரேட் பண்ணி புது ஃபீச்சர் ஃப்ளாக் (புது வசதிக்கான குறி) ஆக்டிவ் ஆயிட்டா, அது தெரியாத பழைய வெர்ஷன்ல பூல் இம்போர்ட் ஆகாம, அதாவது திறக்காம, போகலாம்ல. நல்லவேளை அந்த அப்கிரேட் பட்டன இன்னும் தொடல, ஸ்க்ரீன்ல கேட்டுக்கிட்டேதான் இருக்கு. அப்டேட்டுக்கு முன்னாடி எடுத்த கான்ஃபிக் ஃபைலும் (செட்டிங்ஸ் பேக்கப்) பத்திரமா இருக்கு. இப்படி பின்னாடி போனவங்க யாராவது இருக்கீங்களா? ஷேர், பர்மிஷன் எல்லாம் அப்படியே வந்துச்சா, இல்ல கான்ஃபிக் ரீஸ்டோர் பண்ணணுமா? போட்டோவ மட்டும் கொஞ்சம் கொஞ்சமா எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு எடுத்துட்டு இருக்கேன், அது முடியறவரைக்கும் ரீபூட் பண்ண மாட்டேன்.