சந்தையில் வாங்கிய காய்கறி சீக்கிரம் வாடுவது ஏன்?

கேள்வி: உழவர் சந்தையில் ஒரு வாரத்துக்குச் சேர்த்து வாங்குகிறேன். கீரை இரண்டே நாளில் அழுகுகிறது, கேரட் துவண்டுபோகிறது. எங்கே தவறு?

பதில் 1: கேரட்டைத் தழையோடு வைத்தால் தழை அதன் ஈரத்தை இழுத்துவிடும். வீட்டுக்கு வந்ததும் தழையை நறுக்கிவிடுங்கள். ஆனால் வாங்கும்போது தழையோடு இருப்பதையே எடுங்கள். தழை விறைப்பாக இருந்தால் புதிதாகப் பிடுங்கியது. துவண்ட கேரட்டைக் குளிர்ந்த நீரில் ஒரு மணி நேரம் போட்டால் ஓரளவு தேறும்.

பதில் 2: கீரையைக் கழுவி வைக்காதீர்கள், ஈரம்தான் அழுக வைக்கிறது. உலர்ந்த துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். முதலில் சமைக்க வேண்டியதும் அதுதான்.

பதில் 3: தக்காளியில் பாதி பழம், பாதி செங்காயாக வாங்குங்கள். செங்காயை ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகப் பழுக்காது, மணமும் குறையும். இனிப்புச் சோளத்தை மட்டும் அன்றைக்கே வேக வைத்துவிடுங்கள். பறித்த நேரத்திலிருந்தே அதன் சர்க்கரை மாவுச்சத்தாக மாறிக்கொண்டிருக்கும்.